மேட்டில் ஏறி நின்று நம் ஊரைப் பார்ப்போம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் பேச வருமாறு சங்கத்தார் கேட்டபோது, "நீங்கள் டொக்டர்தானே, சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். அதைப் பற்றியும் பேசுவோம். ஆனால் முதலில் மலைகளைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். "மட்டக்களப்பில் ஏது மலை?" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இன்றைய பேச்சு.

மேடையில் நிற்பது ஒருத்தி என்றாலும் பேசுவது ஏழு பேர். 1990களின் கடைசியில் உயர்தரம் எடுத்த ஒரே வகுப்புத் தோழிகள் நாங்கள். எங்களில் இருவர் வைத்தியர்கள், மூவர் ஆசிரியைகள், ஒருத்தி வங்கியில், ஒருத்தி வீட்டையும் வயலையும் பார்த்துக்கொண்டு. வருடத்தில் இரண்டு மூன்று முறை நாங்கள் சேர்ந்து ஒரு மேட்டுக்கு நடந்து போய் வருகிறோம். ஆகவே "நான்" என்று சொல்லாமல் "நாங்கள்" என்றே பேசுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

எங்களில் பாதிப்பேர் குருக்கள்மடமும் அதன் அயலூர்களும். குருக்கள்மடத்தில் கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாவி, இரண்டுக்கும் நடுவே கல்முனை வீதி. நிலம் தட்டையாக இருக்கும். சிறு வயதில் நாங்கள் ஏறிய ஆக உயர்ந்த இடம் இந்தப் பாடசாலையின் மேல்மாடிதான். பஸ்ஸில் வரும்போது கல்லடிப் பாலத்தின் நடுவில் கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

மழை விட்டு வானம் கழுவினாற்போல் இருக்கும் காலைகளில், வாவிக் கரையில் நின்றால் மேற்கே வெகு தூரத்தில் நீலமாக ஏதோ தெரியும். மேகமா மலையா என்று சண்டை பிடிப்போம். போய்ப் பார்க்க முடியாது. அக்கரை படுவான்கரை. நம் நாட்டில் வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. சூரியன் எழுகிற பக்கம், படுகிற பக்கம் என்று நம் முன்னோர் வைத்த அழகான பெயர்கள். எங்கள் காலத்தில் அந்த இரண்டு பெயர்களும் இரண்டு நாடுகள் மாதிரி ஆகிவிட்டன. சோதனைச் சாவடி, நேரக் கட்டுப்பாடு, பாதை ஓடாத நாட்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், நம்மூரில் "பாதை" என்றால் வீதி மட்டுமல்ல, வாவியைக் கடக்கிற மிதவைக்கும் அதுதான் பெயர். குருக்கள்மடத்துக்கும் அம்பிலாந்துறைக்கும் நடுவே ஓடுகிற பாதை நின்றால், அக்கரைத் தோழி அன்றைக்குப் பாடசாலைக்கு வர மாட்டாள்.

புவியியல் பாடத்தில் வாவியின் நீளம் 56 கிலோமீற்றர் என்று எழுதிப் புள்ளி வாங்கினோம். அதில் ஒரு கிலோமீற்றரைக்கூட உயரத்தில் நின்று பார்த்ததில்லை.

மேடு என்றால் என்ன என்று எங்களுக்குப் புரிந்தது தூர தேசத்தில்தான். வைத்திய மேற்படிப்பின் ஒரு பகுதியாக எங்களில் இருவர் வேறு வேறு காலங்களில் இங்கிலாந்தில் ஒரு வருடம் பயிற்சி எடுத்தோம். அங்கே சனி ஞாயிறுகளில் கூட வேலை செய்த தாதியர்கள் "நடக்க வருகிறீர்களா?" என்று கேட்டார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள்கூட முதுகில் சிறு பையோடு, போத்தலில் தேநீரோடு, பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் பேசிக்கொண்டே நடந்தார்கள். போகிற இடம் பெரிய சிகரம் ஒன்றுமல்ல. இலண்டனுக்குத் தெற்கே பொக்ஸ் ஹில் என்று ஒரு குன்று, 224 மீற்றர். ஜேன் ஒஸ்ரினின் 'எம்மா' நாவலில் எல்லோரும் உல்லாசப் பயணம் போய் மனஸ்தாபப்பட்டுத் திரும்புகிறார்களே, அந்தக் குன்றுதான். அதற்கு அருகில் லீத் ஹில், 294 மீற்றர். 1765இல் ரிச்சர்ட் ஹல் என்பவர் அதன் உச்சியில் ஒரு கோபுரம் கட்டினார். அதன் மேல் தட்டு கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடியைத் தாண்டுகிறது. தெளிவான நாளில் ஒரு பக்கம் இலண்டன் நகரம், மறுபக்கம் மலை இடைவெளியினூடாகக் கடல்.

இந்தக் குன்றுகள் எல்லோருக்கும் திறந்திருப்பது தானாக நடந்ததல்ல. நஷனல் ட்ரஸ்ட் என்ற அமைப்பை 1895இல் தொடங்கிய மூவரில் ஒருவர் ஒக்டேவியா ஹில் என்ற பெண்மணி. இலண்டனின் ஏழைக் குடியிருப்புகளில் வேலை செய்தவர். நெருக்கடியான வீட்டில் வாழ்கிறவர்களுக்கு உட்காரவும் நடக்கவும் திறந்த வெளி வேண்டும் என்று போராடியவர். பொக்ஸ் ஹில் 1914இல் அந்த அமைப்பின் கைக்கு வந்தது. 1949இல் வந்த சட்டம் ஒன்று பொது நடைபாதைகளையெல்லாம் வரைபடத்தில் பதிந்து காக்க வழி செய்தது. பண்ணைக்காரரின் வயலுக்கு நடுவே போனாலும் அந்தத் தடம் உங்களுடையது.

எங்களுக்கு ஆகப் பிடித்தது வேறொன்று. மோல்வர்ன் மலைத்தொடரில் வூஸ்டர்ஷயர் பீக்கன் என்று 425 மீற்றர் உயரத்தில் ஒரு மேடு. உச்சியில் கல்லின் மேல் வட்டமான உலோகத் தகடு. 1897இல், விக்டோரியா மகாராணியின் அறுபதாவது ஆட்சியாண்டு நினைவாக வைத்தது. எந்தத் திசையில் எந்த ஊர், எந்த மலை என்று கோடு கீறிப் பெயர் பொறித்திருக்கிறார்கள். அதில் விரலை வைத்து நிமிர்ந்து பார்த்தால் அந்த ஊர் தெரியும். அன்று அந்தத் தகட்டின் முன்னால் நின்றபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அந்நிய நாட்டின் ஊர்ப் பெயர்களையெல்லாம் விரல் வைத்து வாசிக்கிறோம், நம் படுவான்கரையை ஒருமுறைகூட இப்படி நின்று பார்க்கவில்லையே என்று.

திரும்பி வந்து தோழிகளைக் கூட்டினோம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அக்கரைக்குப் போவது சுலபம். ஆனாலும் நாங்கள் பிடிவாதமாகக் குருக்கள்மடத்தில் பாதை ஏறித்தான் அம்பிலாந்துறைக்குப் போனோம். ஒரு தை மாதக் காலை. இரண்டு ஓட்டோவில் வயல் வீதியால் போய், கடைசி நான்கு கிலோமீற்றரை நடந்தோம். போன இடம் தாந்தாமலை.

தாந்தாமலையை உங்களில் பலர் ஆடித் திருவிழாவில் கண்டிருப்பீர்கள். அடிவாரத்தில் முருகன் கோயில், சனம், கடை, தூசி. மற்ற நாட்களில் வந்து பாருங்கள். காடும் வயலும் சந்திக்கிற இடத்தில் கற்பாறை தனியே எழுந்து நிற்கும். அன்று கோயிலடியில் இருந்த ஒரு ஐயா எங்களைக் கண்டு, "என்ன புள்ளையள், வெயில் ஏறமுதல் ஏறி இறங்கிப்போடுங்க. பின்னேரம் ஆனை வரும்" என்றார். பாறை உயரமில்லைதான். ஆனால் ஏழு பேருக்கும் நாற்பதை அண்டிய வயது. பாதியில் மூன்று முறை குந்தினோம்.

மேலே ஏறித் திரும்பியதும் எல்லோருடைய வாயும் அடைத்துவிட்டது. கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை வட்டை. நடுநடுவே குளங்கள். வேளாமை காவலுக்குப் போட்ட பரண்கள் நெருப்புப் பெட்டி மாதிரி. மேற்கே காடு, அதற்கப்பால் நாங்கள் சிறு வயதில் மேகமென்று சண்டை பிடித்த நீல மலைகள், இப்போது மலைகளாகவே. கிழக்கே மெல்லிய வெள்ளிக் கோடு. "வாவி" என்றாள் ஒருத்தி. "இல்லை, அது குளம்" என்றாள் புவியியல் ஆசிரியை. முடிவு காணவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. மேலேயிருந்து பார்த்தால் எழுவான்கரை, படுவான்கரை என்று இரண்டு இல்லை. ஒரே நிலம், நடுவில் கொஞ்சம் தண்ணீர்.

எங்களில் ஒருத்தி மட்டும் பேசவில்லை. கடலோரத்தில் குடியிருந்தவள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் தன் மூத்த பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவள். வெகு நேரம் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கட பக்கத்தில் இதில் பத்தில் ஒரு பங்கு மேடு இருந்திருந்தாலும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்" என்றாள். முன்னால் கடல், பின்னால் வாவி, ஓட இடமில்லாத ஊரில் நாங்கள் வாழ்ந்தோம். பதினொரு வருடத்துக்கு மேல் அவள் அந்தக் காலையைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பாறை மேல் உட்கார்ந்து முழுவதும் சொன்னாள். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். இறங்கும்போது, "அடுத்த முறை எப்போது?" என்று முதலில் கேட்டவளும் அவள்தான். இதைச் சொல்ல அவளுடைய அனுமதி பெற்றே வந்தோம். இந்த மண்டபத்திலேயே இருக்கிறாள்.

அதன் பிறகு போன இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

குடும்பிமலை. கிரான் பக்கத்தால் போக வேண்டும். 534 மீற்றர். தமிழர் கண்ணுக்குத் தலையில் முடிந்த குடும்பி, சிங்களத்தில் தொப்பிகல, கடலில் வந்த ஆங்கிலேயருக்கு பாரன்ஸ் கெப், அதாவது பிரபுவின் தொப்பி. ஒரே கல்லை ஆளாளுக்கு ஒரு தலையாகப் பார்த்திருக்கிறோம். கப்பலோட்டிகளுக்கு அது கரையடையாளம். 2007 நடுப்பகுதிவரை போர் நடந்த காடு அது. ஆட்கள் நடக்கிற தடத்தை விட்டு விலகக் கூடாது. அதன் சரிவில் ஏற வழிகாட்டி கட்டாயம். எங்களில் நான்கு பேர் அடிவாரத்தோடு நின்றுவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அடிவாரத்திலிருந்து பார்ப்பதே போதுமான காட்சி.

உகந்தமலை. பாணமைக்குத் தெற்கே, குமண சரணாலயத்தின் வாசலில். முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்து கரையேறிய இடம் என்பது ஐதீகம். பாறை மேல் வள்ளியம்மன் கோயில், பாறைக் குழிகளில் சுனைத் தண்ணீர். ஏறுவதற்கு அரை மணித்தியாலம் போதாதா என்று கேட்பீர்கள், போதும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முடிவில்லாத காடு. அந்தக் காட்டுக்குள்ளால்தான் கதிர்காமப் பாதயாத்திரை போகிறது. அதற்கு அருகில் குடும்பிகல என்று ஒரு பௌத்த ஆரணியம் உண்டு. அதையும் குடும்பிமலையையும் மாற்றி விளங்கி, வாகனக்காரரை வேறு திசைக்கு அனுப்பிய அனுபவம் எங்களுக்கு உண்டு. நீங்கள் கவனமாயிருங்கள்.

கதிர்மலை. கதிர்காமத்தில் எல்லோரும் ஜீப்பில் ஏறுகிற மலை. முன்பு சொன்ன வூஸ்டர்ஷயர் பீக்கனும் இதுவும் ஏறக்குறைய ஒரே உயரம். ஒரு முறை விடியமுன் நடந்து ஏறிப் பாருங்கள்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை, அக்காமாரே. நம் அம்மம்மாமார் செய்ததுதான். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் யாத்திரிகர்கள் வருடாவருடம் குருக்கள்மடம் வீதியால் தெற்கே நடந்து போவதை நாங்கள் கண்டு வளர்ந்தோம். வாசலில் மோரும் சோறும் கொடுப்போம். உகந்தையில் தொடங்கி குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை என்று காட்டில் நாட்கணக்காக நடந்த கிழவிகள் நம் வீடுகளில் இருந்தார்கள். அவர்களுக்குக் கால் இருந்தது. நமக்கு ஸ்கூட்டி இருக்கிறது.

இப்போது டொக்டர் பேச்சுக்கு வருகிறோம். கிளினிக்கில் எங்கள் வயதுப் பெண்களிடம் "நடக்கிறீர்களா?" என்று கேட்டால் வருகிற பதில், "வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்க நடக்கிறதுதானே டொக்டர்." அது நடையல்ல, வேலை. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். ஐந்து நாள், அரை மணித்தியாலம். மூன்று மாதம் அப்படி நடந்தால் தாந்தாமலை உங்களுக்கு விளையாட்டு.

சீனி வருத்தம் உள்ளவர்கள் கவனமாகக் கேளுங்கள். கோயில் மலை என்று வெறுங்காலோடு நண்பகலில் பாறையில் ஏறாதீர்கள். சீனி வருத்தம் பாதத்தின் உணர்வைக் கொன்றுவிடும். பாறை சுடுவது தெரியாது. மறுநாள் கொப்புளம், மறுமாதம் புண், பிறகு விரலை எடுக்க வேண்டி வருகிறது. நேர்த்திக்காக நடந்து வந்து இப்படிக் காலை இழந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். காலை எட்டு மணிக்கு முன் ஏறி இறங்குங்கள். சப்பாத்துக் கழற்ற வேண்டிய இடத்தில் கனத்த பருத்திக் காலுறை போடலாமா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் சீனியைக் குறைக்கும் மாத்திரை எடுக்கிறவர்களும் பையில் குளுக்கோஸோ இனிப்போ வைத்திருங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். ஏறும்போது நெஞ்சு இறுகினால் அது "வாய்வு" அல்ல. நின்று, இறங்கி, வைத்தியரிடம் வாருங்கள்.

முழங்கால் நோகிறவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை. தடி ஒன்று பிடித்து, நேரே இறங்காமல் வளைந்து வளைந்து இறங்குங்கள்.

இன்னொன்று, பெண்களாகிய நமக்குள் வெளிப்படையாகப் பேச வேண்டியது. வழியில் மலசலகூடம் இல்லையென்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கிறோம். மாலையில் தலையிடி, இரண்டாம் நாள் சலக்கடுப்பு, காய்ச்சல். பயணத்தைத் திட்டமிடும்போதே எங்கே மலசலகூடம் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண்கள் போடுகிற பயணத் திட்டத்தில் இது இருப்பதே இல்லை.

மாரி காலத்தில் பாறையில் பாசி வழுக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் கொல்லும். தை மாசி நல்லது, அறுவடைக்கு முன் போனால் பச்சை முழுவதும் உங்களுக்கு. குளவிக் கூடு உள்ள பாறையடியில் சத்தமும் புகையும் வேண்டாம். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு காட்டோரத்தில் நிற்க வேண்டாம், ஆனைகளுக்கும் அது நடைநேரம். கொண்டுபோன பொலித்தீனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக, சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று நிர்வாக சபை யோசிப்பதாக அறிந்தோம். வளைவும் வேண்டும், மண்டபத்துக்கு மின்விசிறியும் வேண்டும். அவற்றோடு சேர்த்து, வருடத்தில் ஒருமுறை தரம் ஒன்பது, பத்துப் பிள்ளைகளைப் பழைய மாணவியர் நாங்கள் தாந்தாமலைக்கு நடத்திக் கூட்டிப்போக அனுமதி தாருங்கள். பஸ் செலவை எங்கள் வகுப்பு ஏற்கும். பிள்ளைகள் மேலே நின்று தெரிகிற குளங்களையும் ஊர்களையும் திசை பார்த்துக் கோடு கீறிப் பெயர் எழுதட்டும். தெரியாத பெயர்களை அக்கரைப் பெரியவர்களிடம் கேட்டு வரட்டும். அந்தப் படத்தை நம் பாடசாலை மேல்மாடிச் சுவரில் வைப்போம். அந்த வெள்ளிக் கோடு வாவியா குளமா என்ற எங்கள் வழக்குக்கும் அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

முன்வரிசைப் பிள்ளைகளே, நாங்கள் உங்கள் வயதில் அந்த நீல மலைகளைக் கரையில் நின்றுதான் பார்த்தோம். போகக்கூடிய காலம் வந்தபோது எங்களுக்கு நாற்பது வயதாகிவிட்டது. உங்களுக்குப் பதினைந்து. இந்தத் தை மாதம் பாதையடிக்கு வாருங்கள், காலை ஆறு மணிக்கு. சப்பாத்தும் தண்ணீர்ப் போத்தலும் மறக்க வேண்டாம்.